வடிவம்மாள் வாசித்த யுத்தம்

“அழுது முடிங்க. பொறவு படிக்கேன்” என்று சொல்லிவிட்டு வடிவம்மாள் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவாள். பின்கட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையில் மூக்கைத் துடைத்து, தொண்டையைச் செருமி, ஒருத்தியாவது “ம்” என்று சொல்லும்வரை, உடன்குடிக் கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு வெயிலைப் பார்த்தபடி இருப்பாள். அவசரப்படுத்த மாட்டாள். கேலி செய்யவும் மாட்டாள். அழுகைக்கு நடுவே படித்தால் கதை யார் காதிலும் ஏறாது, மறுநாள் முதலிலிருந்து கேட்பார்கள் என்பது அவள் அனுபவம்.

சேரன்மகாதேவியில் அந்தத் தெருவில் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த பெண் அவள் ஒருத்திதான். பாளையங்கோட்டையில் பிறந்தவள். அண்ணனுக்குப் பாடம் சொல்ல வந்த வாத்தியார் கதவுக்கு அந்தப் பக்கம் சொன்னதை இந்தப் பக்கம் நின்று பிடித்துக்கொண்டாள். கணவர் நாறும்பூநாத பிள்ளை வயலும் வரப்புமாக இருக்கிற மனிதர். திருநெல்வேலிக்குப் போகும்போதெல்லாம் உரம், கயிறு, மாட்டு மருந்தோடு அவளுக்கு ஒரு புத்தகமும் வாங்கி வருவார். என்ன புத்தகம் என்று பார்க்க மாட்டார். தடிமன் மட்டும் பார்ப்பார்.

அப்படி வந்ததுதான் ‘செங்கமலவல்லி அல்லது போர்முனை மணவாளன்’. அது சீமையில் யுத்தம் மூண்ட மூன்றாவது வருஷம். கதையில் சுபேதார் சந்திரசேனன் பிரான்சு தேசத்துக்குப் போகிறான். அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட செங்கமலவல்லி மதுரையில் ஒரு மாடிவீட்டு ஜன்னலில் நிற்கிறாள். இரண்டு பாகமும் அவள் ஜன்னலிலேயே நின்றாள். “இதை எழுதின மனுசன் ஒரு பொம்பளை வீடு கூட்டுததைக்கூடப் பாத்திருக்க மாட்டான் போல” என்பாள் வடிவம்மாள். ஆனால் வாசிக்கும்போது அந்த அபிப்பிராயம் குரலில் தெரியாது. சந்திரசேனனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு குரல், செங்கமலவல்லிக்கு மூக்கிலிருந்து ஒரு குரல், பீரங்கிக்கு அடிவயிற்றிலிருந்து ஒன்று. பீரங்கி வெடிக்கிற அத்தியாயத்தில் தொழுவத்து மாடுகள் காதை விறைத்துக்கொள்ளும்.

கேட்க வருகிறவர்கள் எப்படி அழுவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. ஓரகத்தி கோமு, துக்கம் வருவதற்கு நாலு வரி முன்னாலேயே தொடங்கிவிடுவாள். “அக்கா, இப்பம் ஏதோ நடக்கப் போகுதுக்கா” என்று சொல்லிச் சொல்லி அழுவாள். அடுத்த வீட்டு ஆவுடைத்தாய் கதைக்காக அழுவதே இல்லை. செத்துப்போன தன் மகளை நினைத்துத்தான் அழுவாள். செங்கமலவல்லி ஒரு சாக்கு. அவள் அழும்போது மட்டும் வடிவம்மாள் கொஞ்சம் கூடுதலாகவே காத்திருப்பாள். இசக்கியம்மா அழுவதே கிடையாது. அவள் நெல் குத்த வருகிறவள். உரலடியில் வேலை முடிந்ததும் தொழுவத்துக் கல்தூணில் சாய்ந்து தள்ளி உட்கார்ந்து கேட்பாள். அவள் புருஷன் பூதத்தான் பட்டாளத்துக்கு மூட்டை சுமக்கிற கூலிப்படையில் சேர்ந்து, கடல் கடந்து பஸ்ராவுக்குப் போய் ஒன்றரை வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

வடிவம்மாளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முன்கூட்டி ஒரு வரிகூடத் தனியாகப் படிக்க மாட்டாள். எல்லோருக்கும் தெரிகிறபோதுதான் அவளுக்கும் தெரியும். அதனால்தான் இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயம் அவளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

இரத்தக்கறை படிந்த கைக்குட்டையோடு சந்திரசேனனின் நண்பன் மாடிப்படி ஏறி வருகிறான். அடுத்த வரியில் கண் பட்டதும் வடிவம்மாளின் குரல் ஒரு நொடி நின்றது. பார்வை தானாக இசக்கியம்மா உட்கார்ந்திருந்த தொழுவத்துப் பக்கம் போயிற்று. கோமு புரிந்துகொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தாண்டிப் போய்விடலாம். தலைவலி என்று எழுந்துவிடலாம். இந்தப் பின்கட்டில் யாருக்கும் அது தெரியப்போவதில்லை. ஆனால் வடிவம்மாளுக்கு அப்படிச் செய்து பழக்கமில்லை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே, வீரன் களத்தில் விழுந்தான் என்று வாசித்தாள். பாகம் அதோடு முடிந்தது. காகிதத் தட்டுப்பாட்டினால் மூன்றாம் பாகம் தாமதமாகும் என்று கீழே அச்சிட்டிருந்தது. அதையும் வாசித்தாள்.

பின்கட்டு முழுக்க அழுதது. ஆவுடைத்தாய் மார்பில் அடித்துக்கொண்டாள். இசக்கியம்மா மட்டும் கல்தூணை விட்டு நிமிர்ந்தாள்.

“அந்தச் சேக்காளி பொணத்தைப் பாத்தானாமா தாயி?”

வடிவம்மாள் பக்கத்தைப் புரட்டி மறுபடி பார்த்தாள். “பாத்தான்னு எழுதலை. விழுந்துட்டான்னு மத்தவுக சொன்னாகன்னுதான் இருக்கு.”

“அப்பம் இவ என்னத்துக்கு அழுதா? எறங்கிப் போயி விசாரிக்க வேண்டியதுதானே.”

“கதையில போயி ஞாயம் கேக்கியே பிள்ளே” என்றாள் கோமு, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“கதையில இல்லம்மா. எங்க வீட்டுலயும் இப்படித்தான் சொல்லிட்டுத் திரியுதாக.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பஸ்ராவிலிருந்து திரும்பிய வீரவநல்லூர்க்காரன் ஒருவன், அங்கத்திய ஆற்றில் கூலியாட்களை ஏற்றிய படகு கவிழ்ந்தது என்றும் பூதத்தான் அந்தப் படகில் ஏறினதாகக் கேள்வி என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குள் சாவுத் துட்டி கழித்துவிட வேண்டும், தாலியை இறக்கு என்று மாமியார் நச்சரிக்கிறாள். “நான் மாட்டேன்னுட்டேன். ஏறினதைப் பாத்தவன் யாரு, முங்கினதைப் பாத்தவன் யாருன்னு கேக்கேன். ஒருத்தனும் பதில் சொல்ல மாட்டேங்கான்.”

தினமும் தன் வீட்டு உரலில் நெல் குத்துகிறவளுக்கு இப்படி ஒன்று நடக்கிறது என்று வடிவம்மாளுக்கு அதுவரை தெரியாது. செங்கமலவல்லியின் துக்கம் ஒவ்வொரு துளியும் தெரிந்திருந்தது. அவள் புத்தகத்தை மூடினாள்.

“வெள்ளிக்கிழமை ரயிலுக்கு வாரியா?” என்றாள். “ரெண்டு பேருமாப் பட்டாள ஆபீஸுக்குப் போயிக் கேட்டுட்டு வருவோம்.”

நாறும்பூநாத பிள்ளைக்கு விஷயம் தெரிந்தபோது சோற்றில் கை நின்றது. “நம்ம குடும்பத்துல பொம்பளைக ஆபீஸ் படி ஏறினதில்லை வடிவு. ஒனக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு?”

“நெல்லையப்பரைப் பாக்கப் போகலாமா?”

“அது போகலாம்.”

“அதே ரயிலுதான். சாமி கும்பிட்டுட்டு அப்படியே பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போயிட்டு வாரோம். நீங்களும் வாங்க. குடை பிடிச்சுக்கிட்டு வெளியே நின்னாப் போதும்.”

அவர் குடை பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். உள்ளே, பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் ஆபீஸில் ராமசுப்பு அய்யர் என்ற குமாஸ்தா நிமிர்ந்தே பார்க்கவில்லை. பூதத்தான் என்று யாரும் இங்கிருந்து போகவில்லை என்றார். ஆம்பளை யாரையாவது மனு எழுதிக்கொண்டு வரச்சொல்லுங்கோ என்றார். வடிவம்மாள் நகரவில்லை. சந்திரசேனனுக்கு என்று வைத்திருந்த குரலில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்:

“மனுவை நான் எழுதுதேன். காகிதம் மட்டும் குடுங்க. போனவன் இருக்கானா இல்லையான்னு ஒரு பொஞ்சாதி கேக்கா. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க, கேட்டுக்கிடுதோம். தெரியாதுன்னா, தெரிஞ்சவுகளுக்கு எழுதிக் கேளுங்க. கேக்காம இருக்கதுக்கு மட்டும் எங்களைச் சம்மதிக்கச் சொல்லாதீங்க.”

அய்யர் அப்போதுதான் நிமிர்ந்தார். ஒரு காகிதத்தை நீட்டினார்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த ரயிலில் மூவரும் போனார்கள். முன்னால் வடிவம்மாள், பின்னால் இசக்கியம்மா, கொஞ்சம் தள்ளிக் குடையோடு பிள்ளை. ஆபீஸ் சேவகன் அவர்களைத் தூரத்தில் பார்த்ததுமே உள்ளே போய்ச் சொல்லிவிடுவான். “பம்பாய்க்கு எழுதியிருக்கேம்மா, பதில் வரலை” என்று அய்யர் சொல்வார். “வரட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை வாரோம்” என்பாள் இவள், நெல் அறுப்புக்கு நாள் குறிப்பதைப் போல.

கொடைக்குப் பந்தல்கால் நாட்டின அன்று இசக்கியம்மாவின் மாமியார் புறவாசலில் வந்து நின்றாள். காய்ந்து கறுத்த உடம்பு. “ஒங்க புஸ்தகத்தைக் கேட்டு எம் மருமவ புத்தி கெட்டுப்போச்சு தாயி” என்றாள்.

“பெத்த மகன் செத்தான்னு சொல்ல ஒனக்கு என்ன அவ்வளவு அவசரம்?”

கேட்டுவிட்டாள். ஊரில் யாரும் கேட்கத் தயங்குவதைக் கேட்பது வடிவம்மாளின் வழக்கம். பதிலுக்குச் சண்டை வரும் என்று எதிர்பார்த்தாள். கிழவி அங்கேயே தரையில் குந்தினாள்.

“செத்தான்னா ஒரு நாளு அழுது முடிச்சிருவேன் தாயி. இருக்கான்னா நான் தினமும்லா அழுவணும்.”

வடிவம்மாள் உள்ளே போய் ஒரு செம்பு நீராகாரம் கொண்டுவந்து வைத்தாள். கிழவி குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். கிழவி புறப்படும்போது, “கொடை முடியட்டும். அதுக்குள்ள ஒண்ணும் பண்ணச் சொல்லாதே” என்று மட்டும் சொன்னாள். அது கட்டளையாக வரவில்லை. கிழவி தலையை ஆட்டினாள்.

கொடை முடிந்து, கார் நெல் நடவு ஆரம்பித்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ராமசுப்பு அய்யர் ஆபீஸ் வாசலிலேயே காத்திருந்தார். பூதத்தான் பம்பாய் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றார். ஆள் பிடித்துக்கொண்டு போன கங்காணி அவனுக்கு வேறு ஏதோ ஊரைப் பதிவேட்டில் சொல்லி வைத்திருக்கிறான். அதனால்தான் இத்தனை சுற்று. காமாலையும் காய்ச்சலும் கண்டு பஸ்ராவிலேயே பல மாதம் கிடந்திருக்கிறான். அந்தப் படகில் அவன் ஏறவே இல்லை. இசக்கியம்மா அய்யரைக் கும்பிட்டாள். பிறகு, “பாத்தவுக யாரு சாமி?” என்று கேட்டாள். “டாக்டரே பாத்து எழுதியிருக்காரும்மா” என்றார் அவர். அதற்குப் பிறகுதான் அவள் நம்பினாள். திரும்பும் வழியில் பாலத்தின்மேல் வண்டி ஏறியபோது அழ ஆரம்பித்தவள், சேரன்மகாதேவி ஸ்டேஷன் வரைக்கும் நிறுத்தவில்லை. பிள்ளைதான் என்ன செய்வதென்று தெரியாமல் ரயில் பெட்டிக்குள் குடையை விரித்தார்.

பூதத்தான் வந்து சேர்ந்தபோது பாதியாள்தான் மிச்சம். கண்ணில் இன்னும் மஞ்சள் இருந்தது. ஊரே போய்ப் பார்த்தது. அவன் அதிகம் பேசவில்லை. அடுத்த மாதம் மூன்றாம் பாகமும் வந்தது. வாசிப்பு மறுபடி கூடியது. மூன்றாம் நாள் பூதத்தானும் மனைவியோடு வந்து தொழுவத்துக் கல்தூணருகே உட்கார்ந்தான். பெண்கள் நடுவே ஆண் ஒருவன் வந்து உட்காருவது அந்தப் பின்கட்டில் வழக்கமில்லை. பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

“ராத்திரி கண்ணை மூட மாட்டேங்காரு தாயி” என்று இசக்கியம்மா வடிவம்மாளிடம் பைய வந்து சொன்னாள். “ஓலை அசைஞ்சாக்கூட எந்திச்சு உக்காந்துக்கிடுதாரு. கதை கேட்டாலாவது மனசு மாறுமான்னு கூட்டியாந்தேன்.”

போர்க்கள அத்தியாயம் அது. உண்மையான யுத்தத்தைப் பார்த்தவன் என்ன சொல்வானோ என்று கோமு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் குதிரைகள் பாய்ந்தன, கொடிகள் பறந்தன, களத்தில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட சந்திரசேனன் எதிரியின் கூடாரத்திலிருந்து தப்பி ஓடினான். வடிவம்மாள் பீரங்கியை மட்டும் அன்று அடிவயிற்றிலிருந்து வெடிக்கச் செய்யவில்லை. சாதாரணக் குரலில் தாண்டிப் போனாள்.

“எப்படிலே இருக்கு பூதத்தான்?” என்று ஆவுடைத்தாய் கேட்டாள். “அங்கன இப்படித்தான் இருந்துதா?”



“அங்கன ஒரே மண்ணும் ஈயும்தான் ஆச்சி. மூட்டை எறக்குவோம், ஆளை எடுத்துப் போடுவோம், மறுபடி மூட்டை ஏத்துவோம். குதிரையெல்லாம் செத்துக் கெடக்கும்.” பிறகு வடிவம்மாள் பக்கம் திரும்பினான். “இந்தச் சண்டை நல்லாருக்கு தாயி. படிங்க.”

பெண்கள் சிரிக்கவில்லை. வடிவம்மாள் படித்தாள். சந்திரசேனன் மாறுவேடத்தில் கப்பலேறினான். செங்கமலவல்லி ஜன்னலிலேயே நின்றாள். “கடைசி வரைக்கும் இவ படியிறங்க மாட்டா போல” என்று வடிவம்மாள் ஒரு வார்த்தை முணுமுணுத்துவிட்டுத் தொடர்ந்தாள். கப்பல் கரை தொட்டது. சந்திரசேனன் மாடிப்படியில் கால் வைத்தான். கோமு நாலு வரி முன்னாலேயே முந்தானையை எடுத்தாள். வாத்தியம் முழங்க மாலை மாற்றி, சுபம் என்று புத்தகம் முடிய இன்னும் ஒரு பக்கம்தான் இருந்தது.

அப்போதுதான் இசக்கியம்மா கையை உயர்த்திக் காட்டினாள். பூதத்தான் கல்தூணில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. வந்த நாளிலிருந்து அவன் முகத்தில் இருந்த இறுக்கம் காணாமல் போயிருந்தது. நிறுத்திவிடுங்கள் என்று கோமு சைகை செய்தாள். வடிவம்மாள் நிறுத்திப் பார்த்தாள். குரல் நின்றதும் அவன் புருவம் சுருங்கியது, விரல்கள் எதையோ பிடிக்கத் தேடின. அவள் உடனே விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். புருவம் தளர்ந்தது.

கடைசிப் பக்கமும் தீர்ந்தது. சுபம் என்று வாசித்தாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக ஓசைப்படாமல் எழுந்து போனார்கள். இசக்கியம்மா மட்டும் புருஷன் பக்கத்தில் அசையாமல் இருந்தாள். வடிவம்மாள் தாளைப் புரட்டிப் பின்னட்டையைப் பார்த்தாள். பிறகு அதே குரலில், ஏற்றமும் இறக்கமும் மாறாமல், நிதானமாக வாசிக்க ஆரம்பித்தாள்:

“கூந்தல் வளர்க்கும் பரிமளத் தைலம். புட்டி ஒன்றுக்கு எட்டணா. தபால் கூலி வேறு. சகலவித ஜுரங்களையும் போக்கும் துளி மருந்து. வெளியூரார் விலாசத்தைத் தெளிவாக எழுதவும்...”