சரிங்க சொல்லிக் கெடுத்த ஸ்கேன்

பிறக்கும்போதே எனக்கு இருதயத்தில் ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயும் குறுகல். நாலு எட்டு ஓடினால் உதடு நீலமாகிவிடும் என்று ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். எனக்கும் கணக்கு வாத்தியாருக்கும் அதில் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. வயதுக்கு வந்த பிறகு சென்னைக்குக் கூட்டிப்போய், நெஞ்சைத் திறந்து ஓட்டையை அடைத்து, குழாயை விரித்துத் தைத்து அனுப்பினார்கள். அந்தத் தையலை நம்பித்தான் கல்யாணம், குழந்தை, மாமியார் எல்லாவற்றையும் தாங்கினேன்.

போன வருடம் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனால் பாதிப் படியிலேயே மூச்சு வாங்கியது. கோயமுத்தூரில் இருதய டாக்டரிடம் போனோம். பெரிய குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிந்து இந்த நுரையீரலுக்கு ஒன்று, அந்த நுரையீரலுக்கு ஒன்று என்று போகிறதாம். பழைய தையல் இருந்த இடத்தில் இடது கிளை சுருங்கியிருக்கலாம் என்றார். எந்தப் பக்கம் எவ்வளவு ரத்தம் போகிறது என்று ஸ்கேன் எடுத்து அளக்க வேண்டுமாம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நாங்கள் குடியிருக்கும் கணபதியில் எங்கள் தெருவுக்கு ஒரே மெயின் குழாய்தான். தண்ணீர் விடும் நாளில் பள்ளத்து வீட்டுக்காரி அண்டா, குண்டா, டம்ளர் வரைக்கும் நிரப்பிக்கொண்டிருப்பாள். மேட்டு வீட்டுக்காரி குழாயை முறைத்துக்கொண்டிருப்பாள். என் இடது நுரையீரல் மேட்டு வீடு.

ஸ்கேனில் படம் சரியாக வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். தொடை இடுக்கு வழியாக ஒயர் விட்டு, இருதயம் வரைக்கும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். மாத்திரைச் சீட்டு எழுதுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். நான் ஜாக்கெட் தைக்கவே ஆண் டெய்லரிடம் அளவு கொடுக்காதவள். பழைய ஜாக்கெட்டைத்தான் கொடுத்தனுப்புவேன். பழைய தொடைக்கு எங்கே போவது? எப்படியாவது இந்தப் படம் நன்றாக விழுந்துவிட வேண்டும் என்று ஸ்கேன் நாள் வரைக்கும் எல்லாச் சாமியையும் கும்பிட்டேன்.

ஸ்கேன் அறைக்குள் உலோகம் ஆகாது என்று தாலிச் சங்கிலியிலிருந்து மெட்டி வரைக்கும் கழற்றச் சொன்னார்கள். எல்லாவற்றையும் வீட்டுக்காரர் சட்டைப் பையில் போட்டேன். குழாய் மாதிரி இருந்த மிஷினுக்குள் என்னைத் தள்ளி, காதில் ஒன்றை மாட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்கேன் எடுக்கிற பெண்ணின் குரல் காதுக்குள் வந்தது. பெரியநாயக்கன்பாளையத்துப் பெண். நல்ல மரியாதை.

"மூச்ச நல்லா இழுத்துப் புடிச்சுக்குங்கம்மா."

"சரிங்க" என்றேன்.

பிடித்த மூச்சு அதோடு போய்விட்டது. படம் கலங்கிவிட்டது என்றாள். மறுபடியும் சொன்னாள். மறுபடியும் சரிங்க என்றேன். பேசக் கூடாதுங்கம்மா என்று விளக்கினாள். அதற்கும் சரிங்க என்றேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் ஒருத்தர் தன்மையாக ஒன்று சொல்லும்போது பேசாமல் கிடந்தால் எங்கள் பக்கத்தில் அதற்குத் திமிர் என்று பெயர். உதட்டை இறுக்கிக்கொண்டேன். மூக்கு வழியாக "ம்ங்க" என்று வந்தது.

கடைசியில் அவளே உள்ளே வந்து என்னை வெளியே இழுத்தாள். முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"ஏனுங்கம்மா, இப்படியே போனா படமே வராதுங்க. யாரு சொன்னா நீங்க பதில் சொல்லாம இருப்பீங்க?"

யோசிக்கவே தேவைப்படவில்லை. "எங்க ஊட்டுக்காரருங்க" என்றேன்.

வெளியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவரைக் கூட்டிவந்து மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். லேத் பட்டறை வைத்திருக்கிறவர். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. "ஏ புள்ள, மூச்ச இழு, புடி" என்றது என் காதுக்குள் இடி மாதிரி விழுந்தது. என் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. அவர் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொண்டு சும்மா இருப்பது எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து பழக்கம். இழு என்றபோது இழுத்து, விடு என்றபோது விட்டேன். படமெல்லாம் கண்ணாடி மாதிரி விழுந்ததாம். அந்தப் பெண் அவருக்கு நன்றி சொன்னாள். தான்தான் ஸ்கேன் எடுத்த மாதிரி அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் டாக்டர் படத்தைக் காட்டினார். அவ்வளவு தெளிவாக இருந்ததில் எனக்கே தெரிந்துவிட்டது. வலது பக்கம் ரத்தம் வெள்ளமாகப் போகிறது. இடது கிளையில் கழுத்தை நெரித்த மாதிரி ஓர் இடுக்கு, அதற்கு மேல் நூலாகத்தான் போகிறது. பயப்பட வேண்டாம், நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை, ஒரு பலூனை விட்டு விரித்துவிடலாம் என்றார். பலூன் எந்த வழியாகப் போகும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதே தொடை வழிதான்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. படம் கெட்டாலும் தொடை, நன்றாக விழுந்தாலும் தொடை. தலையைக் குனிந்துகொண்டே, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு டாக்டரிடம் நானாகக் கேட்டேன்.

"நீங்க அந்தப் பக்கம் பாக்காம செய்ய முடியாதுங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை. இடுப்பு முழுக்கத் துணி போட்டு மூடிவிடுவோம், காசளவு இடம்தான் தெரியும் என்றார். "ஒயரு உள்ள போயிருச்சுன்னா, அது போறத நாங்க டிவியிலதாம்மா பாத்துட்டு இருப்போம்."

அதில் வெட்கம் பாதி தீர்ந்தது. பலூனுக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஆனால் டிவியைப் பார்த்துக்கொண்டே ஆம்பிளைகள் செய்கிற வேலையின் லட்சணத்தை வீட்டில் தினமும் பார்க்கிறவள் நான். இப்போது பயமெல்லாம் அதில்தான்.