கேன்டீன் கமிட்டியின் நாக்கு

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தண்ணீர்க் குழாய்களுக்கு வால்வு செய்யும் கம்பெனி ஒன்று உண்டு. அதில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஸ்டோர் கீப்பராக இருக்கும் பீர்க்கன்கரணை ஜெயவேலுவைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. எழுதும்படி அவர் எதுவும் செய்யவில்லை என்பது ஒரு காரணம். ஆனால் அவருக்கு ஒரு நாக்கு இருந்தது.

எல்லோருக்கும் இருப்பதுதான். ஜெயவேலுவின் நாக்கு உத்தியோகம் பார்த்தது. தினமும் பதினொன்றரைக்குச் சாப்பாட்டு வண்டி உள்ளே வரும். கேன்டீன் கமிட்டி உறுப்பினர் என்ற முறையில் முதல் கரண்டி சாம்பார் அவர் உள்ளங்கையில் விழும். நக்கிவிட்டு, கண்ணை மூடி, முகவாயை மேலே தூக்கிச் சற்று நேரம் நிற்பார். "பெருங்காயம் இன்னிக்கு வேற டப்பா" என்பார். வேறு டப்பாவாகத்தான் இருக்கும். அவர் தலையாட்டிய பிறகுதான் நூற்று நாற்பது பேர் தட்டை எடுப்பார்கள். நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுக்கும் மனிதருக்கு இதற்கு மேல் ஒரு கிரீடம் கிடைக்காது என்பது அவருக்கே தெரியும்.

அந்த நாக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானது. பத்து நாள் காய்ச்சல். காய்ச்சல் போகும்போது மணத்தையும் ருசியையும் கையோடு கூட்டிப்போய்விட்டது. இரண்டு மாதத்தில் திரும்பிவிடும் என்றார் டாக்டர். எந்த ஆண்டின் இரண்டு மாதம் என்று அவர் சொல்லவில்லை.

செய்தி தெரிந்த ஒரே ஆள் மனைவி அம்மணி. "ஆபீஸ்ல சொல்லிட்டா இன்னா? தலையையா வாங்கிடப் போறான்?" என்று கேட்டார்.

"தலை போனாக்கூடப் பரவால்ல, அம்மணி. தலைய வச்சு அங்க யாரும் என்னைக் கூப்பிடல" என்றார் ஜெயவேலு.

ஆக, நாக்கு இல்லாமலே உத்தியோகம் தொடர்ந்தது. தினமும் "பிரமாதம்" என்று சொன்னால் சந்தேகம் வரும். எனவே செவ்வாயும் வெள்ளியும் குறை சொல்வதென்று முடிவு செய்தார். என்ன குறை சொல்வது? உப்பு ஜாஸ்தி என்றால் சமைத்தவர் பாவம், அண்டாவோடு வீணாகிவிடும். கம்மி என்றால் அங்கேயே ஒரு பிடி போட்டுக் கலக்கிவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. இரக்க குணத்தால் அவர் எப்போதும் "ஒரு சிட்டிகை கம்மி" என்றே சொன்னார்.

சமைத்தவர் ராஜகீழ்ப்பாக்கம் குல்ஷன். கணவர் உமர் லோடு ஏற்றும்போது விழுந்து இடுப்பு உடைந்து படுத்ததிலிருந்து, பதினோரு ஆண்டுகளாக அந்தக் குடும்பம் நின்றது இந்த ஒரு கம்பெனியின் மதியச் சாப்பாட்டில்தான். வேறு வாடிக்கை கிடையாது. ஜெயவேலு அண்ணன் சொன்னால் குல்ஷனுக்கு அதுதான் அளவு. செவ்வாய்க்கிழமை கூட்டிய சிட்டிகையைப் புதன்கிழமை முதலிலேயே போட்டுவிடுவார். வெள்ளிக்கிழமை அதன் மேல் இன்னொன்று. கரிக்கிறதே என்று யாருக்காவது தோன்றினால், கண்ணை மூடித் தலையாட்டும் ஜெயவேலுவைப் பார்த்துவிட்டு, தன் நாக்கில்தான் கோளாறு என்று மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

போன ஆண்டு மெடிக்கல் கேம்ப் நடந்தது. நூற்று நாற்பது பேரில் ஐம்பத்திரண்டு பேருக்கு ரத்தக்கொதிப்பு. நிர்வாகம் அதிர்ந்தது. ஆராய்ந்து, மன அழுத்தம்தான் காரணம் என்று கண்டுபிடித்தது. எச்.ஆர். தீபா, உண்மையிலேயே நல்ல பெண், மூன்று நாள் தூங்காமல் ஒரு திட்டம் போட்டார். யோகா பாய்கள் வந்தன. மாடிப்படியில் ஏறுவதைப் பாராட்டி ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. கடைசியாக, பணியாளர் நல்வாழ்வு மதிய உணவு. எண்ணெய் குறைவு, உப்பு குறைவு, சாமை, கொள்ளு, வேகவைத்த காய், ஆளுக்கு ஒரு டப்பா. மூன்று சமையல்காரர்கள் மாதிரி டப்பா அனுப்ப வேண்டும். அதில் குல்ஷனும் ஒருவர். டப்பாவில் பெயர் இருக்காது, எண் மட்டும். கமிட்டி உறுப்பினர் மூவரும் தனித்தனியாக அறைக்குள் போய்ச் சாப்பிட்டு மார்க் போட வேண்டும். அதிக மார்க் வாங்குபவருக்குத்தான் இனி கம்பெனியின் மதியச் சாப்பாடு.

மார்க் போடும் நாளுக்கு முந்தின நாள் அண்டாவைக் கழுவி வண்டியில் ஏற்றிக்கொண்டே குல்ஷன் சொன்னார்: "பேர் ஒட்ட மாட்டாங்களாமே அண்ணா. மத்தவங்க பயந்துகினு கீறாங்க. எனக்கு பயமே இல்ல. என் கை உங்க நாக்குக்குத் தெரியாதா?"

"தெரியும்மா" என்றார் ஜெயவேலு. வேறு என்ன சொல்வார்.

முதலில் உள்ளே போன மெஷின் ஷாப் பிரிட்டோ இரண்டாம் எண்ணுக்கு அதிக மார்க் போட்டார். அக்கவுண்ட்ஸ் சத்யநாராயணன் மூன்றாம் எண்ணுக்கு. இனி ஜெயவேலு பாடு.

கதவு சாத்தப்பட்டது. அவர் நாக்கை நம்பவில்லை, கண்ணை நம்பினார். குல்ஷனின் டப்பா எது என்று கண்டுபிடித்து அதற்கே மார்க்கைக் கொட்டிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் உள்ளே போயிருந்தார். முதல் டப்பாவில் முள் கரண்டி இருந்தது. குல்ஷன் முள் கரண்டி வைக்கிற ஆள் இல்லை. தள்ளினார். இரண்டாவதில் பீன்ஸ் நீளமாக, சாய்வாக வெட்டி, மேலே எள் தூவியிருந்தது. ஏதோ ஓட்டல்காரன் வேலை. மூன்றாவதில் பீன்ஸ் பொடிப்பொடியாக, தேங்காய்ப்பூ போட்டு, பதினோரு ஆண்டுகளாகப் பார்த்த அதே பீன்ஸ். ஜெயவேலுவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மூன்றையும் ஒப்புக்குத் தின்றார், எல்லாம் ஈரமான அட்டைபோல் இருந்தது. மூன்றாம் எண்ணுக்குப் பத்துக்குப் பத்து போட்டு, கீழே "கைப்பக்குவம் அருமை" என்றும் எழுதினார்.

நான்கு மணிக்கு, யார் எதற்கு எவ்வளவு போட்டார்கள் என்பதை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். ஜெயித்த மூன்றாம் எண், வேளச்சேரிப் பக்கம் புதிதாக ஆரம்பித்த ஒரு கம்பெனி. குல்ஷனின் டப்பா இரண்டாம் எண்.

கேட்டுக்கு வெளியே, சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக, குல்ஷன் தன் குட்டியானை வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் ஜெயவேலுவுக்குக் கஷ்டமாக இருந்தது.

"பிரிட்டோ சார் எனக்குப் போட்டிருக்காரு. நீங்க போடல. இன்னா குடுத்தாங்க அண்ணா?"

"ஒண்ணும் குடுக்கலமா. அது ஒன்னுதுன்னு நெனச்சுத்தான் போட்டேன். பீன்ஸு பொடியா இருந்துச்சு."

"பீன்ஸா?" குல்ஷன் நிமிர்ந்தார். "பார்த்தா தெரியக்கூடாதுன்னுதானே நீளமா வெட்டினேன். பார்த்து போட்டாங்கன்னு யாரும் உங்களச் சொல்லிடக் கூடாதே. வாயில வச்சா கண்டுபிடிச்சிடுவீங்கன்னு விட்டேன்."

ஜெயவேலு சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு சொல்லிவிட்டார். காய்ச்சலை, டாக்டரின் இரண்டு மாதத்தை, அம்மணியைத் தவிர யாருக்கும் தெரியாததை. சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"மூணு வருஷமா?"

"ஆமாம்மா."

"அப்போ தினம் பிரமாதம் பிரமாதம்னது?"

ஜெயவேலு சைக்கிள் ஸ்டாண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வூட்ல போய் உமர்கிட்ட சொல்லுவேன் தெரியுமா. இன்னிக்கு அண்ணன் இப்டி சொன்னாருன்னு. படுத்த எடத்துல அந்த மனுசனுக்கு அதான் சேதி." அடுத்தது குல்ஷனுக்கு மெதுவாகத்தான் வந்தது. "உப்பு கம்மின்னீங்களே. வாரம் ரெண்டு வாட்டி. அதுவும் சும்மாவா?"

"ஜாஸ்தின்னா ஒனக்கு கஷ்டமேன்னுதான்…"

"நான் போட்டுகினே இருந்தேனே அண்ணா." குல்ஷன் கம்பெனிக் கட்டடத்தைப் பார்த்தார். "அந்த ஐம்பத்திரண்டு பேரு?"

ஜெயவேலுவும் அதே பக்கம் பார்த்தார். கடைசியில் குல்ஷன் சொன்னார்: "சரி, போனது போச்சு. தீபா மேடம்கிட்ட போய் ருசி தெரியாம போட்டேன்னு சொல்லுங்க. மறுபடி வைக்கச் சொல்லுங்க. எனக்கு வேற கம்பெனி இல்ல. இதையாவது செய்ங்க."

மறுநாள் காலை ஜெயவேலு, தன் கிரீடத்தைத் தானே கழற்றி வைக்கும் மன்னரின் நடையோடு, எச்.ஆர். அறைக்குப் போனார். எல்லாவற்றையும் சொன்னார். உப்பையும் சேர்த்து.

தீபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மூணு வருஷமா தனியா இதை கேரி பண்ணியிருக்கீங்களே சார்" என்றார்.

"அதனால என் மார்க் செல்லாதும்மா. மறுபடி வைக்கணும்."

தீபா ஃபைலைத் திறந்து படிவத்தை அவர் பக்கம் திருப்பினார். "பாருங்க சார். கலோரி லேபிள், ஆயில் அளவு, சுத்தம், பேக்கிங், ப்ரெசென்டேஷன். இதுல ருசின்னு ஒரு கட்டமே இல்ல. உங்க மார்க் எல்லாமே வேலிட்தான்."

"கைப்பக்குவம்னு எழுதியிருக்கேனேமா."

"அது ரிமார்க்ஸ் சார். அதுக்கு பாயின்ட் கிடையாது."

"ஐம்பத்திரண்டு பேருக்கு பி.பி. வந்தது என்னாலதான்."

"ப்ளீஸ், அப்படி கில்ட் ஃபீல் பண்ணாதீங்க. அது ஸ்ட்ரெஸ். ரிப்போர்ட் ஹெட் ஆபீஸ் போய் அப்ரூவ் ஆயிடுச்சு." தீபா அவருடைய பெயரைக் கவுன்சலிங் பட்டியலில், புதன்கிழமை மூன்று மணிக்கு, எழுதிக்கொண்டார். மனம் திறந்து பேசியதற்கு நன்றியும் சொன்னார். கமிட்டியிலிருந்து விலக வேண்டுமா என்று கேட்டதற்கு, அவசியமே இல்லை, அவரைப்போல் சார்பற்ற உறுப்பினர் கிடைப்பது அரிது என்றார்.

ஜெயவேலு ஸ்டோருக்கு வந்து போன் போட்டார்.

"போனீங்களா?" என்றார் குல்ஷன்.

"போனேன்மா. எல்லாத்தையும் சொன்னேன்."

"இன்னா சொன்னாங்க?"

"ருசிக்கு மார்க்கே இல்லயாம்."

அந்தப் பக்கத்தில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. "சோத்துக்கு மார்க் போட்டாங்களாம், அதுல ருசிக்கு மார்க் இல்லயாம். நான் நம்பணும்."

"சத்தியமா…"

"வேணாம் அண்ணா. மூணு வருஷம் நம்பியாச்சு. நீங்க போகல. போகலன்னா போகலன்னு சொல்லிட்டா முடிஞ்சுது."

அவர் மறுபடியும் போனேன் என்றார். குல்ஷன் அதைக் கேட்டமாதிரித் தெரியவில்லை.

"திங்கக்கிழமை வந்து, கேன்டீன்ல விட்டு வச்சிருக்கற என் அண்டா ரெண்டையும் எடுத்துக்கறேன். இனிமே செக்யூரிட்டி உள்ள விட மாட்டான். கேட்ல மட்டும் ஒரு வார்த்த சொல்லி வைங்க."

ஜெயவேலு கேட்டில் சொல்லி வைத்தார். பேரேட்டில் எழுதியும் வைத்தார்: அண்டா இரண்டு, வெளியே.