ஹவுளுக்கு வந்த மீன்கொத்தி

எங்கள் செங்கல்பட்டுப் பள்ளிவாசலில், தொழுகைக்கு முன் ஒளு செய்ய, அதாவது கை, முகம், கால் கழுவ, வானம் பார்த்த பெரிய தொட்டி ஒன்று உண்டு. ஹவுள் என்போம். கடையை என்னிடம் ஒப்படைத்த பிறகு என் அத்தாவுக்கு அதன் கரைதான் உலகம். கூட்டாளிகள் நாலு பக்கமும் உட்கார்ந்து, எதிர்க்கரை ஆளை வம்புக்கு இழுத்தபடியே ஒளு செய்வார்கள்.

போன வருஷம் ஹவுளில் கொசுப்புழு நெளிந்தது. தொட்டியை மூடிவிட்டு வரிசையாகக் குழாய் போட்டுவிடலாம் என்றார் பள்ளிவாசல் தலைவர். தப்பான யோசனை இல்லை. ஆனால் குழாயடியில் சுவரைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். அன்று அத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. "செவுத்தாண்ட இன்னாடா பேசறது?" என்றார்.

மறுநாளே அணுபுரத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய், ஊறுகாய் பாட்டிலில் கொஞ்சம் கப்பி மீன் கொண்டுவந்து விட்டார். புழு போன இடம் தெரியவில்லை. தலைவரும் சும்மா இருந்தார். கப்பிதான் சும்மா இருக்கவில்லை. முட்டையெல்லாம் கிடையாது, நேராகக் குட்டிதான். அந்தக் குட்டி வளர்ந்து குட்டி போடுவதற்குள் அம்மாவும் இன்னொரு தடவை போட்டுவிடும். கையை விட்டால் தண்ணீரைவிட மீன்தான் அதிகம் தட்டுப்பட்டது. அத்தா பாட்டில் பாட்டிலாக ஊருக்கு விநியோகம் செய்தார். அவர் தெருமுனையில் வந்தாலே ஜனம் கதவைச் சாத்திக்கொண்டது.

தின்னப் புழு இல்லாமல் மீன்கள் ஊசியாய் இளைத்தன. மனசு கேட்காமல் அத்தா பன்னைப் பிய்த்துப் போட்டார். பன் ஊறி, தண்ணீர் பச்சையாகி, நாற்றம் அடித்தது. தலைவர் மறுபடியும் குழாய்ப் பேச்சை எடுத்தார்.

போதாக்குறைக்கு, கொளவாய் ஏரிப் பக்கமிருந்து ஒரு மீன்கொத்தி வர ஆரம்பித்தது. பிள்ளை பிடிக்க வந்தவனைப் போல அதைப் பார்த்தார் அத்தா. குடையும் கையுமாகக் காவல் இருந்தார். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஊரப்பாக்கம் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தவரை, நான்தான் இழுக்காத குறையாக ரயிலேற்றினேன். போனவரை அங்கே பிரியாணியும் சிநேகிதர்களும் மூன்று வாரம் பிடித்துவைத்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்ததும் நேரே ஹவுளுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அவர் இல்லாததால் பன்னும் இல்லை, குடைக் காவலும் இல்லை. தண்ணீர் தெளிந்து அடி தெரிந்தது. பாதி மீன்தான் மிச்சம், ஆனால் ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று துள்ளியது. அத்தா வெகுநேரம் பார்த்தார். பிறகு குடையை என் கையில் கொடுத்துவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தலைவரே ஹவுளைப் பார்வையிட வந்தார். குனிந்து மோந்து பார்த்தார். திருப்திதான் போல, அத்தாவுக்கு எதிர்க்கரையில் உட்கார்ந்து ஒளு செய்ய ஆரம்பித்தார். அப்போது பார்த்து மீன்கொத்தி இரண்டு பேருக்கும் நடுவில் தொப்பென்று பாய்ந்து, மீனோடு மேலே பறந்தது. தலைவரின் தாடியெல்லாம் தண்ணீர். அத்தா முகத்தில் ஈயாடவில்லை.

தலைவர் தாடியை வழித்துக்கொண்டு எதிர்க்கரையைப் பார்த்தார்.

"பைப்பு போட்டா இதெல்லாம் வருமா, பாய்?"