மத்தியானத்தில் பார்த்துவைத்த இடம்

மாமல்லபுரம் ஒரு தீவு என்று என் கணவர் கண்டுபிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். செங்கல்பட்டில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, மேற்கே பக்கிங்காம் கால்வாய், கிழக்கே கடல், வடக்கே கோவளத்து முகத்துவாரம், தெற்கே பாலாற்று முகத்துவாரம் என்று பென்சிலால் ஒரு சுற்றுப் போட்டார்.

"நாலு பக்கமும் தண்ணி. பாலத்தைத் தாண்டித்தான் உள்ளயே வர முடியும். குழந்தைக்கு இதைவிட பத்திரமான இடம் எங்க இருக்கு, நீயே சொல்லு?"

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. வேதியியலில் முதுகலை முடித்திருந்தேன். படித்தவள் என்பதால் எதிர்த்துப் பேசுகிறாள் என்ற பெயர் வந்துவிடக் கூடாது என்பதிலேயே பாதி ஜாக்கிரதை செலவாகிக்கொண்டிருந்த காலம். தொண்ணூறுகள் முடியப்போகும் சமயம்.

எல்லாம் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தால் ஆரம்பித்தது. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு பெரிய வேனை நிறுத்தி, அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, இரண்டு பிள்ளைகளோடு ஒரு மாதமாக இருந்தார்கள். என் கணவர் அவர்களோடு ஒரு மணி நேரம் பேசினார். எனக்கும் உள்ளே எட்டிப்பார்க்க அனுமதி கிடைத்தது. மடக்குக் கட்டில், சின்ன அடுப்பு, பின்னால் ஒரு குட்டிக் கதவு.

"அந்தக் கதவுக்குள்ள என்னங்க?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"ஏதாவது சாமான் வைக்கிற இடமா இருக்கும்."

அது என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. பாதி திறந்திருந்த கதவு வழியாகக் கழிப்பறையைப் பார்த்துவிட்டேன். ஆனாலும், "இருக்கும்" என்றேன்.

என் கணவரின் அண்ணன் சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் வேன் ஓட்டம் வைத்திருந்தார். தொழிற்பேட்டை ஆட்களை ஷிப்டுக்கு ஏற்றிப்போய் இறக்கும் வேலை. பழசாகிப்போன ஒரு வேனை அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து மாற்றினார்கள். சீட்டுகளைக் கழற்றினார்கள், இரண்டு பக்கமும் பலகை அடித்து மெத்தை போட்டார்கள், கூரைமேல் தண்ணீர் டிரம் ஏற்றினார்கள். கல்பாக்கம் பக்கம் ஆராய்ச்சி வேலையில் இருக்கும் என் கணவர் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் படம் வரைந்தார். கடைசியில் நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "பின்னால ஒரு சின்ன மறைப்பு வெச்சு, பக்கெட் மாதிரி ஏதாவது..." என்றேன்.

மூத்தவர் ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டதுபோல நிமிர்ந்தார். "இன்னாம்மா பேசுற நீ? டாஷ்போர்டுல சாமி படம் கீது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் வெச்சு கற்பூரம் காட்டுற வண்டி. அதுல கக்கூஸா? அதுவும் அடுப்புக்குப் பக்கத்துல?"

என் கணவர் சிரித்தார். "அண்ணா சொல்றது சரிதானே. ஓபன் ப்ளேஸ்ல என்ன கஷ்டம்?"

அவருக்கு என்ன கஷ்டம்?

எனக்கு இருந்த பயம் ஒன்றுதான். எங்கள் மகளுக்கு நான்கு வயது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் சிறுநீர்த் தொற்று வந்து, பதினைந்து நாள் மருந்து கொடுத்து, ஒருவழியாகத் தேறியிருந்தாள். டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: தண்ணீர் நிறையக் கொடுக்க வேண்டும், அடக்கவே விடக் கூடாது, மறுபடி வந்தால் சிறுநீரகத்துக்கு ஏறிவிடும். என் பெண்ணோ கதவு சாத்திய இடமில்லாமல் உட்காரவே மாட்டாள். பள்ளிக்கூடத்தில்கூட வீட்டுக்கு வரும்வரை அடக்குவாள். அதனால்தானே வந்தது.

இதை என் கணவரிடம் சொல்லாமல் இல்லை. சொன்னேன். "மரத்துக்குப் பின்னால கூட்டிட்டுப் போ, பழகிடும்" என்றார். ஒருவேளை நான்தான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறேனோ என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த மரியாதையை என் பயத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

இடம் தேர்ந்தெடுக்க இருவரும் மூன்று ஞாயிறு அலைந்தார்கள். திருவிடந்தை, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், செய்யூர் பக்கத்துக் கடற்கரை. ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு ஒரு தாள் தயாரானது. நிழல், குடிதண்ணீர், கடல் காற்று, வண்டி திருப்ப இடம், டீக்கடை தூரம், கூட்டமில்லாமை. ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்தை ஒட்டிய சவுக்குத் தோப்பு முதலில் வந்தது. கூட்டமில்லாமைக்குப் பத்துக்குப் பத்து. "மூணு மணி நேரம் உக்காந்திருந்தோம். ஒரு ஈ காக்கா வரல" என்று என் கணவர் பெருமையோடு சொன்னார். மூன்று ஞாயிறும் அவர்கள் இட்லி சாப்பிட்டு, பேப்பர் படித்து, நிதானமாகக் கிளம்பிப் போய்ச் சேர்ந்தது மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில். அந்த நேரத்தில் எந்தத் தோப்பில்தான் யார் இருப்பார்கள்?

தாளை என்னிடம் காட்டினார்கள். விட்டுப்போனது எது என்று பார்த்தவுடனே தெரிந்தது. "நல்லா இருக்கு" என்றேன்.

அரைப் பரீட்சை லீவில் ஐந்து நாள் திட்டம். தோப்பில் வண்டியை நிறுத்தி, அங்கிருந்து தினம் ஓர் ஊர் போய்வருவது. நாங்கள் மூவர், மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி. அக்காவை நான் முதல் நாள் மதியமே கவனித்தேன். சாப்பிடும்போது ஒரு வாய்த் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார்.

"என்னக்கா, தண்ணி குடிக்கலையா?"

"வெளியூர் கெளம்பினா நான் முந்தின நாளே நிறுத்திடுவேன்" என்றார், ஏதோ சமையல் குறிப்பு சொல்வதுபோல. "நீ இன்னும் பழகலையா?"

நானும் பழகியவள்தான். கல்யாணங்களுக்கும், பஸ் பயணங்களுக்கும், கோயில்களுக்கும் தண்ணீர் குடிக்காமல் போய் வந்தவள். ஆனால் என் மகளுக்கு அதைப் பழக்க முடியாது. குடி குடி என்று டம்ளரை வாயில் வைத்துக்கொண்டே இருந்தேன். குடித்தாள். மரத்துக்குப் பின்னால் கூட்டிப்போனால், "கதவு எங்கம்மா?" என்றாள். புடவையை விரித்துப் பிடித்தேன். காற்று அதைத் தூக்கியது. தூரத்தில் யாரோ சைக்கிளில் போனார்கள். எழுந்துவிட்டாள். மூன்று முறை இப்படி.

சாயங்காலம் இருட்டத் தொடங்கியபோது, மூத்தவர் சமையலுக்கு வெளிச்சம் வேண்டுமென்று வண்டியின் ஹெட்லைட்டைப் போட்டார். தோப்பு முழுக்க வெள்ளை வெளிச்சம். அண்ணனும் தம்பியும் மடக்கு நாற்காலியில் தோப்பைப் பார்த்தபடி உட்கார்ந்து ரேடியோ கேட்டார்கள். அப்போதுதான் குப்பத்துப் பக்கமிருந்து ஏழெட்டுப் பெண்கள் வருவதைப் பார்த்தேன். வெளிச்சத்தின் விளிம்பில் நின்றார்கள். தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். திரும்பிப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து வேறு நான்கு பேர் வந்தார்கள். அவர்களும் நின்று, திரும்பினார்கள்.

"வேடிக்கை பாக்க வராங்க" என்றார் என் கணவர்.

அவர்கள் கையில் சொம்பு இருந்தது. பார்த்தேன். பார்த்தபிறகும், ஒருவேளை கிணற்றுக்குப் போகிறார்களோ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை ஆண்கள் இருவரும் சூரியோதயம் பார்க்க எழுந்துவிட்டார்கள். என் கணவர் கழுத்தில் கேமரா. அன்றைக்கும் பெண்கள் வந்தார்கள், நின்றார்கள், போனார்கள். அதற்குள் என் மகளின் நெற்றி சுட்டது. வண்டிக்குள் சுருண்டு படுத்து, "வலிக்குது" என்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

எட்டு மணி வாக்கில் குப்பத்துப் பெண்கள் கும்பலாக வந்துவிட்டார்கள். பதினைந்து பேர் இருப்பார்கள். முன்னால் வந்த அம்மாள் இடுப்பில் மீன் கூடையோடு நின்றாள். அறுபது வயது இருக்கலாம்.

"யாரு நைனா வண்டிக்கு ஓனரு?"

மூத்தவர் எழுந்தார். "நான்தான். இன்னா விஷயம்?"

"இன்னா விஷயமா? நேத்து சாய்ந்தரம் லைட்ட போட்டுகினு குந்திகினு கீறீங்க. காலைல பொட்டி மாட்டிகினு நிக்கிறீங்க. எங்க பொண்ணுங்க ரெண்டு வேளையா வயித்த புடிச்சிகினு கெடக்குதுங்க. இது பொம்பளைங்க எடம். ஆம்பளைங்க எடம் படகுக்கு அந்தாண்ட கீது."

"கவர்மெண்ட் எடம்மா இது. பொம்பளைங்க எடம்னு போர்டு கீர்டு வெச்சிருக்கியா?"

"போர்டு வெச்சிட்டுத்தான் குந்தணுமா?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஒருத்தி, "வெச்சா அதையும் போட்டோ புடிப்பாரு அண்ணாத்த" என்றாள். என் கணவர் கேமராவைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, நாங்க யாரையும் தொந்தரவு பண்ணல. பாத்து செலக்ட் பண்ணித்தான் வந்தோம். மூணு மணி நேரம் இங்க உக்காந்து பாத்தோம், யாருமே வரல" என்றார்.

"எப்ப பாத்த?"

"மத்தியானம்."

அந்த அம்மாள் கூடையைக் கீழே இறக்கினாள். "மத்தியானத்துல எவ நைனா வருவா? உன் வூட்டு பொம்பளைங்க வராங்களா? கேளு. ரெண்டு பேர கூட்டிகினு வந்துகீற. நேத்துலேர்ந்து எங்க போனாங்க, எப்ப போனாங்கன்னு கேளு மொதல்ல."

இருவரும் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நான் வண்டியிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். "அம்மா, குழந்தைக்கு ஜுரம். நேத்துலேர்ந்து ஒண்ணுக்கே சரியா போகல. உங்க வீட்டுல ஏதாவது மறைப்பு இருக்கா?" என்று கேட்டேன். யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை நான்.

"அய்ய, இத மொதல்லயே வந்து கேக்கறதுக்கு இன்னா?" என்று அவள் என்னையும் திட்டினாள். "வா, கொயந்தைய தூக்கிகினு வா. நீயும் வாம்மா" என்று அக்காவையும் கூப்பிட்டாள்.

அவள் வீட்டுக்குப் பின்னால் குளிப்பதற்கு ஓலைத் தட்டி கட்டிய ஒரு மறைப்பு இருந்தது. கதவுக்குப் பதில் சாக்கு. என் மகள் சாக்கைத் தானே இழுத்து மூடிக்கொண்டாள். எரிச்சலில் அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு நாங்களும் போய் வந்தோம். அந்த அம்மாள் கொடுத்த தண்ணீரை அக்கா நான்கு டம்ளர் குடித்தார். குடித்துவிட்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரமாக இருந்தது. இவ்வளவு பெரிய குப்பத்தில் ஒரு கழிப்பறை கட்டித் தராதவர்கள்மீது, இருந்த ஒரு மறைவையும் மார்க் போட்டுப் பிடித்துக்கொண்ட எங்கள்மீது.

திரும்பி வந்தபோது ஆண்கள் தாளை விரித்து வைத்திருந்தார்கள். "சதுரங்கப்பட்டினம் ரெண்டாவது வந்துது. மதியத்துக்குள்ள போய் ஒரு தடவை பாத்துடலாம்" என்றார் என் கணவர்.

"எந்த ஊரும் பாக்க வேணாம். செங்கல்பட்டுக்குப் போகணும், டாக்டர்கிட்ட. இப்பவே. இல்லன்னா நான் பஸ்ல போறேன்."

"ஜுரம்தானே, ஒரு மாத்திரை..."

"நீங்க வண்டிய எடுங்க" என்றேன். தோப்பில் இன்னும் நின்றிருந்த பெண்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அப்படிச் சத்தமாகச் சொன்னது சரியா என்ற யோசனை பாலம் தாண்டும்வரை இருந்தது. அதற்குப் பிறகு இல்லை. அக்கா முன் சீட்டில் உட்கார்ந்து, மூத்தவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "சீக்கிரம்."

மறுபடியும் தொற்று. இந்த முறை ஊசி. சிறுநீரகத்துக்கு ஏறவில்லை, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. "நீங்க படிச்சவங்கதானே?" என்று என்னைத்தான் கேட்டார். என் கணவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து அவருடைய ஆபீஸ் நண்பர் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். வேன் பயணம் எப்படி என்று விசாரித்தார். என் கணவர் காபியை ஆற்றிக்கொண்டே, "இடம் பிரமாதம் சார். தீவு மாதிரி. லோக்கல் ஆளுங்கதான் பிரச்னை பண்ணிட்டாங்க. பாதியில திரும்ப வேண்டியதாப் போச்சு" என்றார்.

"அப்படியா? பொங்கலுக்கு நாங்க டென்ட் எடுத்துட்டுப் போலாம்னு இருக்கோம். எங்கன்னு கொஞ்சம் வழி சொல்லுங்களேன்."

என் கணவர் சொல்ல ஆரம்பித்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து வடக்கே, தென்னந்தோப்பு தாண்டி. நான் பலகாரத் தட்டைக் கீழே வைத்தேன்.

"அங்க போகாதீங்க. அது அந்தக் குப்பத்துப் பொம்பளைங்க வெளிய போற இடம். அவங்க எந்தப் பிரச்னையும் பண்ணல. நாங்கதான் ரெண்டு வேளை அவங்களைப் போக விடாம உக்காந்திருந்தோம்."

வந்தவர் பிஸ்கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். என் கணவர் முகம் சிவந்தது. அவர்கள் போனதும் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. விருந்தாளி முன்னால் சொல்லியிருக்க வேண்டாமோ என்று நானும் மூன்று நாள் யோசித்தேன்.

நான்காம் நாள் அந்த நண்பரின் மனைவி போன் செய்தார். டென்ட்டை ரத்து செய்துவிட்டு லாட்ஜில் ரூம் போட்டுவிட்டார்களாம். "நல்லவேளை சொன்னீங்க" என்றார். கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "நான் இப்பவே தண்ணியக் குறைக்கணுமேன்னு நினைச்சிட்டு இருந்தேன்" என்றார்.