மலைப்புகை இறங்கிய மாசி

முதலில் தடுமாறியது என் குரல். வைகறையில் நீராடி, ஊர்ச் சிவன் கோயிலில் பதிகம் ஓதுவது என் நெடுநாள் வழக்கம். ஓரடியை ஒரே மூச்சில் முடித்துவிடுவேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் இறுதியில், ஒரு மாசிக் காலையில், அடியின் நடுவே மூச்சு அறுந்தது.

அப்போது பச்சைமலையில் காடு எரிந்துகொண்டிருந்தது. அடிவாரத்திலிருந்த எங்கள் ஊருக்கு நெருப்பு வரவில்லை, புகை வந்தது. வெயில் ஏறியதும் விலகும். விடியலிலோ பனியோடு கலந்து தெருவில் படிந்து கிடக்கும். கோபுரம் பாதிதான் தெரியும்.

"இந்த நேரத்துல போயி சாமிய எழுப்பணுமா? புகையில அவரும் இருமிக்கிட்டுத்தான் கெடப்பாரு," என்றார் என் கணவர்.

"சாமிகிட்டயா ஒங்க கேலி? விடியக்காத்து ஒடம்புக்கு நல்லதுங்க," என்று சொல்லிவிட்டு மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன்.

அன்று திரும்பிவந்து படுத்தபோது நெஞ்சுக்குள் பூனை உறுமுவதுபோல் ஓர் ஒலி. பதறிய கணவர் சன்னல்களைச் சாத்தினார். கெட்ட புகையை நல்ல புகை விரட்டும் என்று தணலில் சாம்பிராணியும் நொச்சியிலையும் போட்டார். எங்கள் பக்கத்தில் சளிக்கும் இருமலுக்கும் அதுவே முதல் வைத்தியம். அன்போடு அந்தத் தணல் தட்டை என் முகத்தருகே பிடித்தார்.

உள்ளே போன காற்று வெளியே வர மறுத்தது. இறைவன் பெயரைச் சொல்ல வாய் திறந்தேன், ஒலி எழவில்லை. சாவைவிட அதுவே என்னை நடுங்க வைத்தது. கடைசி மூச்சில் சொல்வதற்கென்றே ஒரு பெயரை வாழ்நாளெல்லாம் பழகியிருந்தேன். சொல்ல அந்த மூச்சு இல்லை.

முதல் பஸ்ஸில் என்னைத் தாங்கிப் பிடித்துப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றார். ஆஸ்துமா (மூச்சுக்குழல்கள் சுருங்கும் நோய்) என்றார் டாக்டரம்மா. ஆக்சிஜன் (உயிர்வளி) வைத்து, நரம்பில் மெல்ல ஊசி ஏற்றினார். பிறகு என் புடவையை முகர்ந்து பார்த்தார்.

"இது காட்டுப்புகை இல்லியே. யாரு சாம்பிராணி போட்டது?"

"நான்தாங்க. மலைப்புகைக்கு மாத்தா இருக்கட்டும்னு…"

"புகைக்குப் புகை மருந்தாங்கய்யா? நல்லவேளை, இதோட விட்டீங்க."

கணவர் தலை குனிந்தார். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "காத்து ஓடாத பனிக்காலத்துல தரையை ஒட்டினாப்புல குளிர்காத்து நிக்கும்மா. அதுக்கு மேல இருக்கற சூடான காத்து மூடி மாதிரி அமுக்கிக்கும். புகை மேல போவ வழியில்ல. வெயில் வந்து தரை சுட்டாத்தான் மூடி தெறக்கும். அதுவரைக்கும் வெளிய வராதீங்க."

நான் தூயதென்று நம்பிய நேரமே நஞ்சாக இருந்திருக்கிறது. வீடு திரும்பிய பின்னும் உறங்க அஞ்சினேன். விழித்திராவிட்டால் மூச்சு தானாக நின்றுவிடும் என்று தோன்றியது. கோடைமழை பெய்து மலை அணைந்தது. என் அச்சம் அணையவில்லை.

இந்நோயோடு வாழ்பவர்களே, உங்களுக்கும் இப்படித்தான் இருக்குமென்று எண்ணுகிறேன். முன்பு மூச்சு என்னுடையது. இப்போது ஒவ்வொன்றையும் யாரோ கொடுக்கிறார்கள், கொடுக்காமலும் போகலாம். என் நாள் கிழக்கு வெளுக்கையில் தொடங்குவதில்லை; முற்றத்துத் தரை சுடும்போது தொடங்குகிறது. அப்போதுதான் ஓதுகிறேன். அடியின் பாதியில் நிற்க நேர்கிறது. நின்ற இடத்தில் அச்சம் வந்து அமர்கிறது. அது எழுந்து போகும்வரை காத்திருந்து, அடுத்த சொல்லைத் தொடங்குகிறேன்.