பானையில் பூத்த உப்பு

மீஞ்சூர்ச் சந்தையில் தேசப்பன் வனைந்த பானையை யாரும் தட்டிப் பார்த்து வாங்கியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போவார்கள். இருபது வருஷமாக அப்படிப் பேர் எடுத்த மனிதர், எழுபத்திரண்டாம் வருஷக் கோடையில் பேர் கெட்டு நின்றார்.

பானை உடையவில்லை, ஒழுகவில்லை. உப்பு பூத்தது. நல்ல தண்ணீர் ஊற்றி வைத்தாலும் எட்டாம் நாள் வெளிப்புறமெல்லாம் வெள்ளை படர்ந்து, விரல் பட்டால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். ஊரும் அவரை நினைத்தது, திட்டிக்கொண்டே நினைத்தது.

"இன்னாய்யா, பானை சுட்டியா, உப்பளம் போட்டியா?" என்று ஒரு அம்மாள் பானையைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

மண்மேல்தான் சந்தேகம். நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் மண் வெட்டுவார், கரித்ததே இல்லை. அப்படியும் வேறு ஏரிக்குப் போய் மண் கொண்டுவந்தார். மிதித்து, வனைந்து, காயவைத்து, சவுக்கு மிலாறை விறகாக அடுக்கிச் சுட்டார். அந்தச் சூளையும் பூத்தது. மூன்றாவது ஏரி மண் வந்து இறங்கியபோது அவர் குதிகால் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருந்தன.

"போதும், வுட்டுடு. எண்ணூர் பக்கம் ஆள் எடுக்கறாங்களாம்," என்றாள் மனைவி பச்சையம்மா.

"இந்த ஒரு சூளை பாத்துடறேன். இதுவும் பூத்துதுன்னா சக்கரத்தைத் தூக்கிப் போட்டுடறேன்."

மண்ணை ஊறப்போடக் கிணற்றிலிருந்து முதல் குடத்தைத் தூக்கி வரும்போதுதான், கடம்பத்தூரில் வாழ்க்கைப்பட்ட தங்கை தாயாரம்மாள் வெயிலில் வந்து சேர்ந்தாள். அவள் கடைசியாக வந்துபோய் மூன்று வருஷமாகியிருந்தது. பச்சையம்மா கொடுத்த சொம்பை வாயில் கவிழ்த்தவள் தூவென்று துப்பினாள்.

"இன்னா அண்ணி, இப்டிக் கரிக்குது?"

"நம்ம கெணத்துத் தண்ணிதான்."

"போன தபா எளநி மாரி இருந்துதே!"

தேசப்பன் சொம்பை வாங்கிக் குடித்தார். கரிக்கவில்லை. இன்னொரு வாய் குடித்தார். அப்போதும் கரிக்கவில்லை. குடத்தை மெல்ல இறக்கி வைத்துவிட்டு மண்குவியல் பக்கத்திலேயே குந்திவிட்டார். கிணறு என்றைக்கு உப்பாயிற்றோ, தினம் குடித்த நாக்கு அதோடு சேர்ந்தே பழகிவிட்டது.

"மண்ணுமேல பழி போட்டேனே, தாயாரு," என்றார். அழுகை வந்தது.

மேற்கே இரண்டு மைலில் ஒரு ஏரியடிக் கிணறு இனித்தது. தாயாரம்மாள்தான் குடித்துப் பார்த்துச் சொன்னாள். தன் நாக்கை அவர் நம்பவில்லை. இரவல் மாட்டுவண்டியில் தினம் இரண்டு பீப்பாய் தண்ணீர் கொண்டுவந்து மண்ணை ஊறவைத்தார். சூளை பிரித்ததும் ஒரு பானையில் அந்தத் தண்ணீரையே ஊற்றி வைத்தார். ஒன்பதாம் நாள் தடவிப் பார்த்தார். விரலில் ஈரம் மட்டும் ஒட்டியது. சந்தோஷப்படவும் தெம்பு வேண்டுமே. "ஆவட்டும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் பச்சையம்மா பீப்பாயில் சொம்பை விட்டாள்.

"அது மண்ணுக்கு வெச்சிருக்குது," என்றார் தேசப்பன். "நமக்குத்தான் கெணத்துத் தண்ணி கரிக்கறதில்லையே."

"எனக்குக் கரிக்குது," என்றாள் அவள். "நேத்து இதுல ஒரு வாய் குடிச்சிட்டேன்."

அடுத்த நாள் வண்டியில் மூன்றாவது பீப்பாயும் ஏறியது. மேட்டில் மாட்டைவிட அவருக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கியது.