தொப்பூர் கணவாயிலிருந்து வந்த குரல்

உலக யுத்தத்தின்போது என் கணவர் பெங்களூரில் ராணுவத்துக்காக ரேடார் வேலை பார்த்தார். அதைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்பது கட்டளை. என்னிடமும் சொல்லவில்லை. எங்கள் ஊரான தர்மபுரியில் கேட்டவர்களிடம் ரேடியோ ரிப்பேர் என்று சொல்லிவைத்தேன். சண்டை முடிந்த பிறகுதான் விளக்கினார்: அலையை வானத்தில் அனுப்பிவிட்டு, அது விமானத்தில் பட்டுத் திரும்பி வருகிறதா என்று காத்திருக்கும் கருவியாம். காத்திருப்பதுதான் வேலை என்றால் அதை நானே செய்திருப்பேனே என்று தோன்றியது.

யுத்தம் முடிந்ததும் ஆட்களைக் குறைத்தார்கள். இவரும் வீட்டுக்கு வந்துவிட்டார். அரூரில் புளி மண்டி வைத்திருந்த இவருடைய அண்ணன், தன்னோடு வந்துவிடும்படி ஆள்மேல் ஆள் அனுப்பினார். இவரோ மலையிலிருந்து சமவெளிக்குப் பேசும் ஒயர்லெஸ் பெட்டி ஒன்றைத் தானே வரைந்து, அதே மாதிரி இரண்டு செய்துகொண்டிருந்தார். அதிலிருந்த கண்ணாடி வால்வுகள் சூடாகிக் கிடக்கும். தவழ ஆரம்பித்திருந்த மகள் எந்நேரமும் அந்தப் பக்கமே போவாள். அந்த அலை குழந்தைக்கு ஆகுமா என்று நான் கேட்காத நாள் இல்லை. ஒன்றும் செய்யாது என்று இவர் சொன்ன பிறகும் தொட்டிலை அடுத்த அறைக்கு மாற்றினேன்.

இவருடைய பழைய அதிகாரி பெங்களூரில் ஒரு புதுத் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். சோதனைக்கு வேண்டிய அனுமதியை அவரே வாங்கிக் கொடுத்தார். சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயில் காரை நிறுத்திப் பெட்டியைப் பார்ப்பதாக ஏற்பாடு. பெட்டி பேசினால் இவருக்கு அந்தத் தொழிற்சாலையில் வேலை, பேசாவிட்டால் புளி மண்டி. ஒரு பெட்டியோடு இவர் கணவாய்க்குப் போய்விட்டார். இன்னொன்று வீட்டில், என் பொறுப்பில். பொத்தானை அழுத்திப் பேச வேண்டும், விட்டுவிட்டுக் கேட்க வேண்டும். நான் பள்ளியிறுதி வரை படித்தவள் என்பதால் வாசிக்க ஆங்கிலச் சொற்களும் எழுதிக் கொடுத்திருந்தார். யார் முதலில் பேசுவது என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டார்.

நேரம் வந்தது. பெட்டியில் இரைச்சல் மட்டும்தான். பெரிய அதிகாரி இருக்கும் இடத்தில் பெண்பிள்ளை நான் முந்திக்கொண்டு பேசுவதா என்று காத்திருந்தேன். ஏரியல் கம்பி அறுந்திருக்குமோ என்று ஓடிப்போய் அது கட்டியிருந்த வேப்பமரத்தைப் பார்த்தேன். திரும்பி வரும்போது, இந்த இடைவெளியில் கூப்பிட்டிருப்பார்களோ என்ற பயம். குழந்தை பெட்டியைத் தொட்டிருப்பாளோ? நானே எதையாவது திருகிவிட்டேனோ?

வேடிக்கை பார்க்க வந்திருந்த நாத்தனார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஏங்கண்ணு, தம்பி செஞ்ச பெட்டி அவனாட்டமே இருக்குது. வாயத் தொறக்க மாட்டேங்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினேன். எழுதிக் கொடுத்த ஆங்கிலம் ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஏனுங்க, கேக்குதுங்களா? நான் எதையும் தொடலைங்க. ஏதாச்சும் கெட்டுப்போச்சுங்களா?"

விட்டேன். இரைச்சலுக்குள்ளிருந்து, பக்கத்து அறையில் நின்று பேசுவதுபோல இவர் குரல்: "நல்லாக் கேக்குது."

அதன் பின்னால் யாரோ உரக்கச் சிரித்தார்கள். பிறகு அதிகாரியே பேசினார். பெண்கள் முதலில் பேசட்டும் என்று அவர் மரியாதைக்குக் காத்திருந்தாராம். மேலதிகாரி தொடங்கட்டும் என்று இவர் காத்திருந்தாராம். மூன்று பேருமாக ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டு, நன்றாக வேலை செய்யும் பெட்டியை ஊமையாக வைத்திருக்கிறோம்.

அப்புறம் சொற்களை வாசித்தேன். அங்கே திருப்பிச் சொன்னார்கள். பெட்டியை ஏற்றிக்கொண்டு கார் வளைவுக்கு வளைவு கீழே இறங்க இறங்கக் குரல் தேய்ந்தது, ஆனாலும் அறுந்துபோகவில்லை. மெல்லிய குரல் போய்ச் சேருகிறதா பார்க்கக் குழந்தையைப் பேசச் சொன்னார் அதிகாரி. அவள் எச்சில் வழிய ஒலிவாங்கியைக் கடித்தாள். நாத்தனார் அதைப் பிடுங்கி, தம்பி சாப்பிட்டானா என்று விசாரித்தார். சாப்பிடவில்லை, சேலத்தில் நான் வாங்கிக் கொடுக்கிறேன் என்று அதிகாரியே பதில் சொன்னார்.

கடைசியாக இவர் குரல் வந்தது. "அடுத்த மாசம் பெங்களூர் போறோம். நீ, நான், பாப்பா."

பதில் சொல்லப் பொத்தானை அழுத்தினேன். சிரிப்புதான் வந்தது. நிறுத்த முடியவில்லை, கையை எடுக்கவும் தோன்றவில்லை. அவ்வளவு சிரிப்பும் தொப்பூரில் தெளிவாகக் கேட்டதாம்.